பாஸ் லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ்

கேள்வி: அரசு வழங்கிய மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் உள்ளன, நினைவகம் 4 ஜிபி. கடைக் கணக்கு மென்பொருளுக்காக ஒவ்வொரு தடவையும் அணைத்து விண்டோஸுக்கு மாற வேண்டியிருக்கிறது. லினக்ஸுக்குள்ளேயே அதை ஓட்டலாமா?
– ஒரு வாசகர், திருவெள்ளறை

பதில்: தாராளமாக ஓட்டலாம். தங்களூர்ப் புண்டரீகாக்ஷப் பெருமாள் கோயிலில் உத்தராயண வாசல் திறந்திருக்கும் ஆறு மாதமும் தக்ஷிணாயன வாசல் அடைத்தே கிடக்கும் ஏற்பாட்டைத்தான் தங்கள் கணினியும் அநுசரிக்கிறது. பெருமாளுக்கு அது சம்பிரதாயம், கடைக்காரருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட பாஸ், டெபியன் வழிவந்ததாகையாலும், அதே வருஷம் கேவிஎம் என்னும் மெய்நிகர் இயந்திர வசதி லினக்ஸ் கெர்னலோடு ஐக்கியமாகிவிட்டதாலும், இதற்கென்று தனி மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. பயாஸில் பிரவேசித்து ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியை இயக்கிவிட்டு, லினக்ஸின் ‘டெவ்’ கோப்பகத்தில் ‘கேவிஎம்’ என்ற பெயர் தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால் பாதிக் காரியம் முடிந்தது. பின்னர் மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் வெர்ட்-மேனேஜரை நிறுவி, தங்கள் பயனர் பெயரை ‘லிப்வெர்ட்’ குழுவில் சேர்த்து, விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டினால் மெய்நிகர் கணினி ஜனித்துவிடும்.

அந்த மெய்நிகர் கணினிக்கு நினைவகத்தில் 2 ஜிபிக்கு மேல் தானம் செய்யாதீர்கள். தர்மவான் லினக்ஸே மூச்சுத் திணறிப்போவார். 32-பிட் விண்டோஸே போதும். அது ஓடுகையில் பிரவுசரை மூடிவைப்பது உத்தமம். மென்பொருளைப் புதுப்பிக்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், பழுது நேர்ந்தாலும் பூர்வ ஸ்திதிக்குத் திரும்பலாம். ஆனால் இடையில் எழுதிய வரவுசெலவும் அதோடு மறைந்துவிடுமாதலால், கணக்குக் கோப்பை மட்டும் அன்றன்றே பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.