பெயர் தாங்கிய பானை

தமிழகத்தின் வட எல்லையை ஒட்டி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆர்.கே.பேட்டை என்னும் ஊர் உள்ளது. நெசவே அவ்வட்டாரத்தின் பெருந்தொழில். தெருவில் நடப்போர் செவியில் தறியின் ஓசை இடையறாது விழுந்துகொண்டிருக்கும்.

அங்கு நெசவாளர் ஒருவர் நூற்சிப்பம் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். அவர் கண் முதலில் நாடுவது நூலை அன்று. சிப்பத்தின்மேல் ஒட்டியுள்ள சீட்டையே ஆகும். நூலின் எண் அச்சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில், 840 கெசம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அத்தனையே அந்நூலின் எண். அறுபது சிட்டங்கள் அடங்கினால் 60-ஆம் எண் நூல். எண்பது அடங்கினால் 80-ஆம் எண் நூல். எண் ஏற ஏற இழை நுண்ணியதாகும். இவ்விரண்டும் ஒரே பாவில் கலந்துவிட்டால் துணி சீராக அமையாது. சாயமேற்றிய நூலாயின் மற்றோர் இடரும் உண்டு. ஒரே சிவப்பு என்று கருதினும், ஒருமுறை தோய்த்த நூலும் மறுமுறை தோய்த்த நூலும் சற்றே வேறுபடக்கூடும். சிட்டத்தில் கண்ணுக்குத் தப்பிய அவ்வேறுபாடு, நெய்து முடித்த துணியில் கோடாக வெளிப்பட்டு உழைப்பைப் பாழாக்கும். ஆதலின், தேர்ந்த நெசவாளர் நூல் தீரும் வரையில் சீட்டைக் கிழித்து எறிவதில்லை.

தறிக்கூடத்தில் இத்துணை விழிப்பு. அதே இல்லத்தின் அடுக்களையிலோ நிலைமை வேறு. அலமாரியில் ஒரே அளவும் ஒரே வடிவமும் உடைய சம்புடங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் அரிசி மாவு, ஒன்றில் மைதா, ஒன்றில் சமையல் சோடா, ஒன்றில் பொடியுப்பு. எதில் எது என்பதைத் தாய் ஒருவரே அறிவார். அவர் கை, கண்ணின் துணையின்றியே வேண்டிய சம்புடத்தை எடுக்கும். அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன நிகழும்? கணவரும் பிள்ளைகளும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, மோந்தும் சுவைத்தும் பார்ப்பர். முடிவில், படுக்கையில் இருப்பவரையே எழுப்பிக் கேட்பர். ஓர் இல்லத்தின் அறிவு முழுவதும் ஒருவர் நினைவில் அடங்கியிருப்பது பெருமை போலத் தோன்றலாம். உண்மையில் அஃது அவர் தலைமேல் ஏற்றிய சுமையே ஆகும். நோயிலும் அவருக்கு ஓய்வில்லை.

இச்சுமையை இறக்கி வைக்க எளிய வழி, பெயர் எழுதி ஒட்டுதல். இது புதிய வழக்கம் அன்று. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியிலும், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் மக்கட் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன், குவிரன் என்னும் பெயர்களைக் கீழடி ஓடுகளில் காணலாம். தமிழில் எழுத்து வழங்கிய தொன்மைக் காலத்திலேயே, அரசர் புகழை மட்டுமன்றி, அன்றாடம் புழங்கும் பானையின் பெயரையும் எழுத்து தாங்கியது.

இதனினும் வியப்புக்குரிய செய்தி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. எகிப்து நாட்டில், செங்கடற் கரையில், குசேர் அல்-காதிம் என்னும் பழைய துறைமுகம் உண்டு. அங்குக் கிடைத்த ஒரு கலத்தின் ஓட்டில் ‘பானை ஒறி’ என்னும் தமிழ்ச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்தின் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன், இஃது உறியில் தொங்கவிடும் பானையைக் குறிக்கும் என்று விளக்கினார். அச்சொற்கள் கலத்தின் இரு பக்கங்களிலும் எழுதப்பட்டிருந்தன. எப்பக்கம் நின்று நோக்குவோரும் அவற்றைப் படித்திருக்கலாம். இன்ன பொருள் என்று பொருளின் மீதே எழுதி வைக்கும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? திருமணச் சீராக வரும் பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் குவளையிலும் பெயர் வெட்டித் தரும் வழக்கம் அதன் தொடர்ச்சி போலவே விளங்குகிறது. அயலார் வீட்டு விழாவிற்கு இரவலாகச் சென்ற பாத்திரம் வழிதவறாமல் திரும்பி வருவதும் அப்பெயரால் அன்றோ!

பெயரின்மையால் விளையும் தீங்கு, உப்புக்கு மாற்றாகச் சோடாவை இடுவதோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் அஃது உயிரையே குடிக்கும். நூலுக்குச் சாயமேற்றும் தொழிலில் காஸ்டிக் சோடா பயன்படுகிறது. வெண்ணிறச் செதில்களாக உள்ள அதனைக் கல்லுப்பு என்று குழந்தை மயங்குதல் கூடும். நீரில் கரைத்தால் அந்நீர் தெளிந்தே நிற்கும். ஆயினும் வாயையும் உணவுக் குழலையும் வேகச் செய்யும் கொடுமை அதற்குண்டு. பயிர்க் கொல்லி மருந்தோ, தரை கழுவும் அமிலமோ, குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்டால், தாகத்தோடு வரும் சிறுவன் அதனைப் பானம் என்றே கருதுவான். அவன்மீது குற்றமில்லை, புட்டியின் மேலுள்ள பழைய சீட்டு அவனுக்குப் பொய் உரைத்தது. சீட்டின்மை தீது, பொய்ச்சீட்டு அதனினும் தீது.

இந்திய அரசின் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், நஞ்சின் கொடுமைக்கேற்பச் சீட்டில் வண்ணம் வகுத்துள்ளன. கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அதனிற் சற்றுக் குறைந்ததற்கு மஞ்சள், அடுத்ததற்கு நீலம், யாவற்றினும் குறைந்ததற்குப் பச்சை. ஆகவே, இத்தகைய பொருள்களை அவை வந்த கலத்திலேயே வைத்து, பூட்டிய இடத்தில் சேர்த்தல் வேண்டும். எவரேனும் அறியாது உட்கொண்டுவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாது, 108-ஐ அழைத்து, நோயாளியை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்க. அக்கலத்தையும் உடன் எடுத்துச் செல்க. உட்சென்றது யாது என மருத்துவர் அறிந்துகொள்ள அச்சீட்டே துணையாகும்.

இனி, சீட்டு எழுதும் முறையைக் காண்போம். நூலகங்களில் இதனைக் கண்கூடாகக் கற்கலாம். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிப்பவரின் காலத்தைக் காத்தல் அவற்றுள் நான்காவது. நூலின் முதுகில் ஒட்டிய சிறு சீட்டும் அதில் உள்ள எண்ணும், அந்நூல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எங்கே திரும்ப வைக்கப்படல் வேண்டும் என்னும் இரண்டையும் உணர்த்துகின்றன. இல்லத்திலும் பொருளுக்குப் பெயர் போலவே, இடத்திற்கும் பெயர் வேண்டும். அலமாரித் தட்டின் விளிம்பில் ஒரு சீட்டு இருப்பின், எடுத்தவர் எவராயினும் உரிய இடத்தில் வைப்பர்.

சம்புடத்தின் மூடியில் பெயர் எழுதுதல் தவறு. மூடிகள் எளிதில் இடம் மாறும். ஆதலின் உடற்பகுதியிலேயே ஒட்டுக. பொருளின் பெயரோடு நிரப்பிய நாளையும் குறித்தல் நலம். உள்ளிருக்கும் பொருள் மாறினால் அப்பொழுதே சீட்டையும் மாற்றுக. மாத்திரை அட்டைகளில் முடிவுநாள் பெரும்பாலும் ஒரு முனையில் பொறிக்கப்பட்டிருக்கும். மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வந்தால் அந்நாள் இறுதிவரை அழியாது நிற்கும்.

சீட்டு, இல்லத்தில் உள்ளோர் அனைவருக்கும் விளங்குதல் வேண்டும். திருத்தணியைச் சூழ்ந்த பகுதி 1960 ஏப்ரல் 1 அன்றே ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே, ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் இன்றும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. ஒரே குடும்பத்தில் பேரன் தமிழ் படிப்பான். பாட்டி எம்மொழியையும் எழுத்தில் அறியாதிருப்பார். அங்குச் சொல்லின் அருகே ஒரு சிறு படத்தையும் வரைதல் வேண்டும். நஞ்சுக்கு மண்டையோடும், மருந்துக்குச் செஞ்சுழியும் இட்டு, அவற்றின் பொருளைப் பாட்டிக்கும் குழந்தைக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தல் நன்று.

இப்பணிக்கு மாணவரே ஏற்றவர். ஒரு விடுமுறை நாளில் தாயின் அருகே அமர்ந்து, ஒவ்வொரு சம்புடமாகக் கேட்டு எழுதினால், மாலைக்குள் அடுக்களை முழுவதும் பேசத் தொடங்கிவிடும். அடுத்த முறை தாய் நோயுற்றுப் படுக்கும்போது, அவரை எழுப்பாமலே ஒரு குவளைக் கஞ்சி அவரிடம் வந்து சேரும். கற்ற எழுத்தின் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.