"இல்லை" என்று சொல்லும் முறை

பண்டாரவளையில் பசளைக் கடை நடத்தும் எனக்கு ஒரு துப்பாக்கிக் கடையில் வியாபாரப் பாடம் கிடைத்தது. வெலிமடையைச் சேர்ந்த என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறுவதாகச் சொல்லி, துப்பாக்கி ரவை வாங்க என்னையும் அழைத்துப் போனார். ஜனவரி மாதம். அவரது அனுமதிப்பத்திரமோ டிசம்பர் 31 உடன் முடிந்திருந்தது.

1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதி இல்லாதவருக்கு விற்க முடியாது. கடைக்காரர் விற்கவும் இல்லை. ஆனால், "இருங்க ஐயா" என்று கதிரை கொடுத்தார். பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு மாவட்டச் செயலகத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கி, கொண்டுபோக வேண்டிய பத்திரங்களைத் துண்டில் எழுதியும் கொடுத்தார். அன்று அவருக்குப் பத்து ரூபா வியாபாரமும் இல்லை. புதுப்பித்த பிறகு என் வாடிக்கையாளர் தேடிப் போனது அதே கடையைத்தான்.

எனக்கு 2021 ஞாபகம் வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டிருந்த அந்த மாதங்களில், வந்தவர்களிடம் கணக்குக் கொப்பியிலிருந்து தலை நிமிராமலே "இல்லை" என்றேன். (நாமெல்லோரும் அப்படித்தானே சொன்னோம்?) கூட்டெரு எங்கே கிடைக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். நவம்பரில் தடை நீங்கியது. அவர்களில் பலர் இன்னும் என் கடைப் படி ஏறவில்லை.