கொல்லிமலை பின்னணியில் ஒரு விமானம்: வானில் படமெடுக்க விமானிகளைத் தயார் செய்வது எப்படி?

காரவள்ளியில் தொடங்கி மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்கு மேலே கொல்லிமலையின் விளிம்பு, முன்னால் பறக்கும் ஒரு சிறு விமானம். இப்படி ஒரு படம் வேண்டுமென்றால் இன்னொரு விமானத்தில் ஏறித்தான் எடுக்க வேண்டும். மலைக்கு மேற்கே உள்ள சேந்தமங்கலத்துச் சாலையில் நின்று எடுத்தால் விமானத்தின் வயிறுதான் தெரியும்.

இது எட்டாத ஆசையும் அல்ல. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து சேந்தமங்கலம் நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். செஸ்னா 172 போன்ற விமானம் இருபது நிமிடத்தில் வந்துவிடும். பயிற்சிப் பள்ளிகளுக்கென்று இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. ஆனால் உரிமம் பெற்ற இருவர் சேர்ந்தாலே இந்தப் படத்துக்குத் தயார் என்று நினைப்பதுதான் ஆபத்து.

தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 40 மணி நேரமும் கற்றுத் தருவது மற்ற விமானத்திலிருந்து விலகி இருப்பதை. படப்பிடிப்போ அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. ஆகவே முதல் வேலை கேமரா அல்ல, விமானங்கள் அணியாக நெருங்கிப் பறக்கும் ஃபார்மேஷன் பயிற்சி. அதை நன்றாகச் சொல்லித்தரக் கூடியவர்கள் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள். பறக்கும் பயிற்றுநர்களையே உருவாக்கும் விமானப்படைப் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவின் தளம் சூலூர். அனுபவசாலிகளை நம் மாநிலத்திலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். அத்தகைய பயிற்றுநர் ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சேர்வது, நிலையில் நிற்பது, விலகுவது என மூன்றையும் கேமரா இல்லாமல் பலமுறை செய்ய வைத்து, ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை படப்பிடிப்புத் தேதி குறிக்காதீர்கள்.

திறமைசாலிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1966 ஜூன் 8-ஆம் தேதியைச் சொல்வேன். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்காக, அந்நிறுவன எஞ்சின் பொருத்திய ஐந்து விமானங்கள் கலிஃபோர்னியாவில் நெருங்கிப் பறந்தன. லியர்ஜெட் ஒன்றிலிருந்து படமெடுத்தார்கள். படப்பிடிப்பு முடியும் தறுவாயில் அவற்றில் ஒன்றான எஃப்-104 விமானம் இன்னொன்றான எக்ஸ்பி-70 வால்கரியின் சிறகு நுனியருகே வந்தது. அங்கே சுழலும் காற்றில் சிக்கிப் புரண்டு அதன் மேலேயே மோதியது. எஃப்-104-ஐ ஓட்டிய ஜோ வாக்கர் உலகின் தலைசிறந்த சோதனை விமானிகளில் ஒருவர். அவரும் வால்கரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். அந்தப் பறப்புக்கு முறையான மேலிட அனுமதி பெறப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

அனுமதி என்றதும் நம் ஊருக்கு வருவோம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதிப்படி, பறக்கும் விமானத்திலிருந்து இப்படிப் படமெடுக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஏர்லைன்ஸ் பயணி ஜன்னல் வழியே செல்போனில் எடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்கக் கூடாது. யாராவது பணம் தருகிறார்கள் என்றால் வணிக உரிமம் உள்ள விமானியைத்தான் அமர்த்த வேண்டும். காப்பீட்டில் ஃபார்மேஷன் பறத்தல் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விமானங்கள் சேர்ந்து பறப்பது முன்கூட்டியே விமானிகள் பேசி ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையான ஏடிசியிடமும் இதைச் சொல்லி, இரண்டு விமானங்களும் தமக்குள் பேசிக்கொள்ள எந்த அலைவரிசை என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது யார் எங்கே உட்கார்வது, எந்தப் பக்கம் பறப்பது. கேமரா விமானம்தான் லீட்: அது நேராக, சீராகப் பறக்கும். படத்துக்குரிய விமானம் (இனி ‘பட விமானம்’) அதைப் பார்த்துத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் செஸ்னா 172 என்றால் புகைப்படக்காரர் முன்பக்க வலது இருக்கையில் உட்காரட்டும். பட விமானம் லீடின் வலப்புறம் சற்றுப் பின்னால் பறக்கட்டும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பட விமானத்தின் விமானி தன் இடது இருக்கையில் இருக்கிறார். இடப்பக்க ஜன்னல் வழியே லீட் தடையின்றித் தெரியும். இடப்புறம் நிறுத்தினால் அவர் தன் கேபின் முழுவதையும் கடந்து பார்க்க வேண்டியிருக்கும். செஸ்னாவின் சிறகு விமானியின் தலைக்கு மேல் இருப்பதால், லீடைவிட மிகவும் தாழ்ந்து பறந்தால் சொந்தச் சிறகே லீடை மறைத்துவிடும். ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பது நல்லது.

பட விமானத்தில் பயணி வேண்டாம். வலது இருக்கையில் இன்னொரு விமானி உட்கார்ந்து எண்ணெய் அழுத்தத்தையும் எரிபொருளையும் கவனிக்கட்டும், ஏனென்றால் ஓட்டுபவரின் கண் லீடை விட்டு அகலவே கூடாது. கேமராவைப் பார்த்துச் சிரிப்பதும் கூடாது. லீடின் பின் இருக்கையில் ஒருவர் இருந்து, வானில் வேறு விமானம் வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கம்? முதல் படப்பிடிப்பில் மூன்று சிறககலத்துக்குக் குறையவே வேண்டாம். செஸ்னா 172-இன் சிறககலம் 11 மீட்டர். ஆக 33 மீட்டர். அந்தத் தூரத்தில் 70 மி.மீ. லென்ஸ் (முழுச் சட்ட கேமராவில்) சுமார் 17 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். விமானம் சட்டத்தை நன்றாகவே நிறைக்கிறது. இன்னும் கிட்டே வரச் சொல்வதில் படத்துக்கு லாபம் எதுவும் இல்லை.

மலைக்கு வருவோம்; இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டும். சேந்தமங்கலம் கொல்லிமலையின் மேற்கே இருக்கிறது. காலையில் இந்தப் பக்கச் சரிவு நிழலில் கிடக்கும். மாலை வெயில்தான் அதன் மேல் விழும். ஆகவே மாலையில், மலையை வலப்புறம் வைத்து, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும். வெயில் லீடின் இடப்புறத்திலிருந்து வந்து பட விமானத்தின் மேலும் மலையின் மேலும் விழும்; மூக்கும் சேலத்தை நோக்கியே இருக்கும்.

இதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. பட விமானம் லீடுக்கும் மலைக்கும் நடுவில் வருகிறது. ஏதாவது தவறினால் பட விமானி லீடை விட்டு வலப்புறம் விலக வேண்டும். வலப்புறம் மலை. எனவே உயரம் குறைவாகப் பறந்து மலையை ஒட்டிப் படமெடுக்க நினைக்கவே கூடாது. கொல்லிமலை உச்சி சுமார் 1,300 மீட்டர், அதாவது 4,300 அடி. 5,500 அடிக்குக் கீழே வரமாட்டோம், சரிவிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியே இருப்போம் என்று இருவரும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது வலப்புறம் திரும்பினாலும் காற்றுதான் இருக்கும், பாறை இருக்காது.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையோரம் காற்று முரட்டுத்தனமாக இருக்கும், தவிர்த்துவிடுங்கள். மாலை 4:30-க்கு மலையருகே சேர்ந்து, 5:15-க்கெல்லாம் பிரிந்து, சூரியன் மறையுமுன் சேலத்தில் இறங்கிவிட வேண்டும். கண்பார்வையை நம்பிப் பறக்கும் விஎஃப்ஆர் பறப்புக்கு நம் நாட்டில் பொழுது சாய்ந்தபின் பொதுவாக இடமில்லை. ‘இன்னும் ஐந்து நிமிடம், வெளிச்சம் அருமையாக இருக்கிறது’ என்று புகைப்படக்காரர் கெஞ்சுவார். மறுத்துவிடுங்கள்.

புறப்படும் நாளில் பிரீஃபிங்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேசி முடித்ததும் வெளியே வந்து, விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் நடந்து காட்டுங்கள். லீட் விமானி முன்னால் நடப்பார். மற்றவர் வலப்புறம் சற்றுப் பின்னால். “லெஃப்ட் டர்ன்… நவ்” என்று லீட் குரல் கொடுத்த பிறகே திரும்புவார். சாய்வு 15 டிகிரியைத் தாண்டாது, வேகம் 90 நாட், இரண்டும் முன்பே பேசியது. மூன்று வார்த்தைகளை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். “நாக் இட் ஆஃப்”: யார் சொன்னாலும், புகைப்படக்காரர் சொன்னாலும், உடனே எல்லாம் நிற்கும். “பிளைண்ட்”: லீடைப் பார்வையிலிருந்து தவறவிட்டேன் என்று பட விமானி சொல்வது, சொல்லிக்கொண்டே வலப்புறம் விலகுவார், லீட் திரும்பாமல் தன் திசையையும் உயரத்தையும் சொல்வார். “விஷுவல்”: மீண்டும் பார்த்துவிட்டேன். இந்த வார்த்தை வராமல் மறுபடி சேரக் கூடாது.

புகைப்படக்காரர் பட விமானிக்கு நேரடியாகக் கட்டளையிடக் கூடாது. “கொஞ்சம் முன்னே வரச் சொல்லுங்க” என்று லீடிடம் சொல்ல, லீட் யோசித்துச் சொல்ல வேண்டும். பட விமானி முடியாது என்றால் ஏன் என்று வானில் கேட்கக் கூடாது.

ஜன்னலை முழுதாகத் திறக்கவோ கதவைக் கழற்றவோ பராமரிப்புப் பொறியாளரும் அதற்கான ஆவணமும் வேண்டும். கேமரா, லென்ஸ், கண்ணாடி எல்லாவற்றுக்கும் கயிறு. லென்ஸ் ஹூட் வேண்டாம். மணிக்கு 165 கிலோமீட்டர் காற்றில் அது பிய்த்துக்கொண்டு போகும், கீழே இருப்பது வீடுகள். 5,500 அடியில் சமவெளியைவிடச் சுமார் 10 டிகிரி குளிரும் என்பதால் ஒட்டிய உடையும் கையுறையும் தேவை.

ஷட்டர் வேகம் 1/1000 வைத்தால் புரொப்பெல்லர் உறைந்து, எஞ்சின் நின்றுவிட்டது போலத் தெரியும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40. 1/80 நொடியில் அரைச் சுற்று. இரண்டு அலகும் சேர்ந்து முழு வட்டம் வரைந்துவிடும். முதலில் 1/250-இல் சில படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு 1/125, 1/80 என்று இறங்குங்கள். அதில் பாதி ஆடிப்போகும்; நிறைய எடுங்கள்.

தரையிறங்கியதும் படங்களைத் திறக்குமுன் டீபிரீஃபிங். படம் நன்றாக வந்திருந்தால் தவறுகளைப் பேச யாருக்கும் மனம் வராது.

பயிற்சி பெற்ற இரு விமானிகள் கிடைக்கவில்லையா? புகைப்படக்காரர் கொல்லிமலை ஏறி, சீக்குப்பாறை போன்ற காட்சிமுனையில் நீள லென்ஸோடு நிற்கட்டும். ஒற்றை விமானம் விதிப்படியான உயரத்தில் கடந்து போகட்டும். அந்தப் படத்தில் வயிறு தெரியாது, மலையும் இருக்கும். ஃபார்மேஷன் கற்காதவர் அழைத்தால் கேமரா விமானத்தில் ஏறாதீர்கள்.