பஞ்சுப் போர்வைத் தையலில் நூற்கோளாறுகள்

இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பி, தையல் இயந்திரத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து முடிப்பது பஞ்சுப் போர்வை. துணி எவ்வளவு நேர்த்தியாயினும், தையல் விட்டுப்போனால் பஞ்சு ஒருபுறம் ஒதுங்கிவிடும். நெய்தவர் உழைப்பும் தைத்தவர் உழைப்பும் ஒருங்கே வீணாகும். ஆகவே, நூற்கோளாறுகளின் காரணங்களை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் தையல் உண்டாகும் விதத்தைக் கவனிப்போம். ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டு செல்கிறது. அது சற்றே மேலெழும்பொழுது நூல் சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் முனை அவ்வளையத்தைப் பற்றிப் பாபின் நூலுடன் பிணைக்கிறது. இப்பிணைப்பு பஞ்சின் நடுவே மறைந்திருப்பின் தையல் செம்மையானது.

1. அடிப்புறத்தில் நூல் வளையங்கள் தொங்குதல்: குறை கீழே தெரிவதால் பலரும் பாபினையே பழிப்பர். பெரும்பாலும் குற்றம் மேல்நூலினுடையதே. அழுத்துபாதம் தாழ்ந்திருக்கையில் நூல் கோத்தால், அது டென்ஷன் தட்டுகளுக்கிடையே சரியாகப் புகாது. பாதத்தை உயர்த்தி, நூலை முழுதும் எடுத்து, மீண்டும் கோத்தல் வேண்டும்.

2. மேல்நூல் அறுதல்: தையலில் அமர்வதற்கு முன் நூலின் ஒவ்வொரு பகுதியும் ஊசிக் கண்ணின் வழியே பன்முறை சென்று மீள்கிறது. முடிச்சும் தடிப்பும் உள்ள பாவிழை விழுதின் கண்ணில் உரசி அறுவதை நெசவாளர் நன்கறிவர், இங்கும் அவ்வாறே. நாட்பட்டு வலுவிழந்த நூலை விலக்குக. நூலுக்குக் கண் சிறிதாயின், 14 ஆம் எண் ஊசிக்குப் பதில் 16 ஆம் எண் ஊசியை இடுக.

3. தையல் விட்டுப்போதல்: ஊசி வளைந்தோ, முனை மழுங்கியோ, முழுதும் மேலேறாமலோ இருந்தால் ஷட்டில் வளையத்தைப் பற்றாது. போர்வையின் கனம் மேசைக்கு வெளியே தொங்கினாலும் துணி இழுபட்டு ஊசி வளையும். பக்கத்தில் ஒரு பலகையிட்டுப் போர்வையைத் தாங்குதல் நலம்.

4. பாபின் நூல் மேலே தெரிதல்: மேல்நூல் மிக இறுகியிருக்கலாம், அல்லது பாபின் கேஸின் வில்லுக்கடியில் பஞ்சுத் தூசி அடைந்து, கீழ்நூல் தளர்ந்திருக்கலாம். பஞ்சுப் போர்வை தைக்குமிடத்தில் தூசி விரைவில் சேருமாதலால், நாள்தோறும் சிறு தூரிகையால் துடைத்தல் வேண்டும்.

கோளாறு கண்டவுடன் டென்ஷன் திருகைத் திருகுவது பலருடைய வழக்கம். இது தவறு. மூல காரணம் அப்படியே இருக்க, சரியாயிருந்த அமைப்பும் கெடும். நூல் கோத்த முறை, ஊசி, நூல், தூசி ஆகிய நான்கையும் இவ்வரிசையிலேயே சோதித்த பின்னரே திருகைத் தொடுக. அப்பொழுதும் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, சிறிது சிறிதாகவே திருப்புக.

போர்வையைத் தொடங்குமுன், அதே துணியும் பஞ்சும் கொண்ட சிறு துண்டில் மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் இட்டுத் தைத்துப் பார்ப்பது சிறந்த வழக்கம். எந்த நூல் மறுபுறம் எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு எதிர்ப்புற நூலே மிகுதியாக இழுக்கிறது என்று அறியலாம். சில நிமிடங்களே ஆகும் இச்சோதனை, முடிந்த போர்வையைப் பிரித்துத் தைக்கும் ஒருநாள் வேலையை மிச்சப்படுத்தும்.