முப்பத்திரண்டாம் விநாடி: அழைப்புச் சமிக்ஞை பற்றிய ஒரு பாடம்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கல்லூரியோடு குறைந்த செலவிற் பேசுதற்கென எமது அலுவலகத்தில் இணையத் தொலைபேசி வாயிற்கருவி ஒன்று வைக்கப்பட்டது. 'கேற்வே' என வழங்கும் இச்சிறு பெட்டி, பழைய தொலைபேசியை ஒருபுறத்தும் இணையத்தை மறுபுறத்தும் ஏற்று இரண்டையும் பிணைப்பது. தமிழாசிரியருக்கு இதனோடு என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். கருவியோடு வந்த கைநூலைப் பொறுமையுடன் வாசிப்பார் வேறெவரும் இல்லாமையே தொடர்பு.

ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து முதியவர் ஒருவர் அழைத்தார். தம் தமிழாசிரியர் நினைவாகப் பரிசு நிதியம் ஒன்று நிறுவ விரும்புவதாகச் சொல்லத் தொடங்கினார், பேச்சு அறுந்தது. மீண்டும் அழைத்தார், மீண்டும் அறுந்தது. மூன்றாம் முறை, "தம்பி, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நேரே சொல்லிவிடுங்கோ" என்றார். யாம் விடை சொல்லி முடிக்குமுன் அதுவும் அறுந்தது. அலுவலக எழுதுவினைஞர் கடிகாரத்தைப் பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் 32 விநாடி. யாம் இங்கிருந்து அழைத்தாலோ எவ்வளவு நேரமும் பேசலாம். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கே இக்கேடு.

காரணத்தை அறிய, இணையத் தொலைபேசியில் ஓர் அழைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும். குரல் ஒரு வழியே செல்லும். அழைத்தல், மணியடித்தல், எடுத்தல், வைத்தல் ஆகியவற்றை அறிவிக்கும் சமிக்ஞை வேறு வழியே செல்லும். சமிக்ஞைக்கு இன்று பெரிதும் வழங்கும் நெறிமுறை 'சிப்' என்பது. இது 1999 இல் முதலில் வெளியாகி, 2002 இல் திருத்தி வகுக்கப்பட்டது. இதன் செய்திகள் வெறும் எழுத்துக்களாலானவை, கண்ணால் வாசிக்கத்தக்கவை. அழைப்பவர் பக்கத்திலிருந்து 'இன்வைற்' என்னும் அழைப்புச் செய்தி வரும். எமது கருவி, மணி ஒலிக்கின்றது என்பதற்கு 180 என்னும் எண்ணையும், எடுத்தாயிற்று என்பதற்கு 200 என்னும் எண்ணையும் மறுமொழியாக விடுக்கும். அதனோடு முடிவதில்லை. 200 கிடைத்தது என்று அழைத்தவர் பக்கம் 'அக்' என்னும் ஒப்புகையை அனுப்புதல் வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஒப்பச்சீட்டுத் திரும்பி வருவது போன்றதே இது.

ஒப்புகை வராவிடின் கருவி வாளாவிராது. அரை விநாடி பொறுத்து 200 ஐ மீண்டும் அனுப்பும். பின் ஒரு விநாடி, இரண்டு, நான்கு என இடைவெளியைப் பெருக்கி, நான்கிற்கு மேற் போகாது, அனுப்பிக்கொண்டேயிருக்கும். அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி, கழிந்தும் ஒப்புகை வரவில்லையெனின், எதிரே ஒருவரும் இல்லை எனத் துணிந்து 'பை' என்னும் விடைபெறு செய்தியை விடுத்து அழைப்பை முடிக்கும். முதியவரின் பேச்சை அறுத்தது கனடாவன்று, கடலுமன்று. எமது மேசையிலிருந்த பெட்டியே.

குரல் நன்றாகக் கேட்க, ஒப்புகை மட்டும் ஏன் வரவில்லை? 200 என்னும் மறுமொழியில் 'கொன்ராக்ற்' என்றொரு வரி உண்டு. இனி எனக்கு எழுதவேண்டிய முகவரி இது என்று கருவி தன்னைக் கூறும் இடம் அது. எமது கருவி அவ்விடத்தில் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரியை எழுதியிருந்தது. அவ்வகை முகவரி கட்டடத்திற்குள் மட்டும் செல்லும். உலகில் எண்ணிறந்த வீடுகளில் அதுவே வழங்கும். கடிதத்தில் அனுப்புநர் முகவரியாகக் 'கிழக்கு அறை' என்றெழுதினால் தபாற்காரர் என் செய்வார்? குரலைப் பொறுத்தவரை, சேவை வழங்குநரின் சேவையகம் எழுதிய முகவரியை நம்பாது, குரல் உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பியது. ஆதலாற் பழுதின்றிக் கேட்டது. யாம் அழைக்கும்போது ஒப்புகை அனுப்புவது எமது கடன். வழங்குநரின் முகவரி மெய்ம்முகவரியாதலின் அது சென்று சேர்ந்தது.

நிற்க. பரிகாரம் எளிது. கருவியின் அமைவுப் பக்கத்தில் வெளிமுகவரியைக் குறிக்கும் கட்டம் உண்டு. நிலையான வெளிமுகவரி உடையோர் அதனை அங்கே எழுதுக. எமக்கிருப்பது அடிக்கடி மாறுவது. ஆகவே 'ஸ்ரன்' என்னும் வசதியை இயக்கினோம். அது வெளியிலுள்ள சேவையகம் ஒன்றை, "நான் உனக்கு எம்முகவரியிற் காணப்படுகின்றேன்?" என்று வினவி அறிந்து கொள்வது. சில றூற்றர்களுக்கு இது பொருந்தாது, எமதற்குப் பொருந்தியது. றூற்றரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என ஓர் அமைவு உண்டு. சமிக்ஞையின் முகவரிகளைத் தானே திருத்தி உதவுவதாக அது சொல்லிக்கொள்ளும், பெரும்பாலும் கெடுத்துவிடும். பிழை திருத்தத் தெரியாத அச்சுக்கோப்பாளர் நம் கட்டுரையைத் திருத்துவது போன்றது. அதனை நிறுத்தினோம்.

சேவையகத்தில் பதிவு செய்கையில் முதலில் 401 என்னும் மறுப்பு வருவது கண்டு அஞ்சற்க. அது கடவுச்சொல்லை மெய்ப்பிக்குமாறு கேட்கும் வினா. அடுத்த முறையும் 401 வந்தாலே சொல் பிழை என்க. இலக்கப் பொத்தான்களின் ஒலியைக் குரலோடு கலந்தனுப்பாது, தனி நிகழ்வாக அனுப்பும் தெரிவைக் கொள்க. சுருக்கிய குரலில் அவ்வொலி சிதைந்துவிடும். இவற்றினும் முதன்மையானது காவல். சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 ஆம் துறையைத் தட்டிப் பார்த்துத் திரிவோர் இணையத்தில் மிகப் பலர். உள்ளே புகுந்தால் நம் கணக்கிலே தூரதேசங்களுக்கு அழைப்பர். பதிவு செய்த சேவையகத்தின் அழைப்பை மட்டும் ஏற்குமாறு அமைத்து, கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுக. யாம் மாற்றியது மூன்றாம் மாதத்தில். தப்பியது எமது நற்பேறு.

அமைவுகளைத் திருத்திய பின், ஆசிரியர் ஒருவரை வீதிக்கு அனுப்பிக் கைத்தொலைபேசியிலிருந்து அழைக்கச் செய்து, கடிகாரத்தைப் பார்த்திருந்தோம். 32 கழிந்தது, 33, 34 என்று சென்றது. ஐந்து நிமிடம் அவரைப் பேசவிட்டோம். பின்னர் ரொறன்ரோ முதியவருக்குக் கடிதம் எழுதி, நிகழ்ந்ததை விளக்கி, மீண்டும் அழைக்குமாறு வேண்டினோம். அழைப்பு ஒரு ஞாயிறு மாலையில் வந்தது. பரிசு நிதியம் பற்றிய செய்தி பத்து நிமிடத்தில் முடிந்தது. எஞ்சிய அரைமணி நேரமும் அவர் தம் ஆசிரியர் நன்னூற் சூத்திரம் கற்பித்த முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.