சிற்றிலும் சித்திரமும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆண்பாற்குச் சிறப்பாயுரிய மூன்றனுள் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலால் வீடிழைப்பர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைச் சிதைக்க வருவன். சிதையாதொழிக என அவர்கள் இரப்பர். புழுதி படியாமல் சிற்றில் இழைத்தல் எவர்க்கும் இயலாது. வளர்ந்த நாமோ, ஒரு சித்திரமேனும் செய்யுளேனும் இயற்றப் புகுங்கால், தாள் கெடுமோ, பிறர் நகுவரோ என்றஞ்சிக் கையை மடக்கிக்கொள்கின்றோம். இவ்வச்சம் யாண்டிருந்து வருகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் (1861–1941) தம் கையெழுத்துப் படிகளில் வேண்டாத சொற்களை அடித்துவிடுவர். அவ்வடித்தற் கறைகளை வாளா விடாது, கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் ஆக்கி விளையாடினர். 1924-இல் அர்ஜென்டினா நாட்டில் நோயுற்றுத் தங்கியிருந்த காலை, 'பூரபி' என்னும் பாட்டேட்டில் இவ்வுருவங்கள் மிகுந்தன. ஆண்டு அவரை விருந்தோம்பிய விக்டோரியா ஒகாம்போ என்னும் அம்மையார் அவற்றைக் கண்டு வியந்தார். 1930-இல் பாரிஸ் நகரில் அவர்தம் ஓவியங்கள் முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பெற்றதற்கும் அவ்வம்மையாரே துணைநின்றார். அப்பொழுது கவிஞர் எழுபதை அணுகியிருந்தார். தூரிகையொடு கந்தைத் துணியையும் விரலையுங்கூடக் கருவியாகக் கொண்டு அவர் தீட்டிய ஓவியங்கள் 2000-க்கு மேற்பட்டன. பிழையென்று அடித்த இடமே அவர்க்கு வாயிலாயிற்று.

இனி, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. அஞ்சி எழுதுவோன் தாளைச் சாராது தன் புகழைச் சார்கின்றான். ஆதலின் 'யான் செய்தேன்' என்னும் முனைப்பே அவன் வண்ணமாகின்றது. மணலில் விளையாடும் மகவோ மணலையே சார்ந்து நிற்கின்றது. மகவுக்கு ஆணவம் இல்லையோ எனின், உண்டு, அஃது அநாதி. ஆயினும், செய்பொருளில் அழுந்திய அச்சிறு பொழுதிலே, தன்னை நோக்கும் முனைப்பு அடங்கிக் கிடக்கின்றது. நாம் அதன்பாற் கற்கவேண்டுவது இவ்வழுந்துதலையே; அறியாமையை அன்று.

அற்றேல், பயிற்சியும் திருத்தமும் வேண்டாவோ எனின், வேண்டும். தாகூரின் கோடுகள் ஒழுங்குபெற்று ஓடியது, அவர் வாழ்நாளெல்லாம் சந்தத்திற் பழகிய பயனாம். ஆனால் திருத்தம் பின்னர் வரற்பாலது. பிறவாத ஒன்றைத் திருத்துவது எங்ஙனம்?

சில திங்கட்கு முன் எம் இல்லத்து மகவொன்று யாம் எழுதிவைத்த ஏட்டின்மேல் மையைக் கொட்டி, விரலால் இழுத்து, 'யானை' என்று காட்டிற்று. யாம் அதட்டினோம். ஏடு மறுநாளே படியெடுக்கப்பட்டது. அம்மகவு மட்டும் அன்றுமுதல் எம்மெதிரே எதனையும் வரைவதில்லை. சிற்றில் சிதைந்தால் சிறுமியர் மீண்டும் இழைப்பர்; இழைக்கும் துணிவே சிதைந்தால் அதனை மீட்டல் அரிது. இதனை உணர்ந்தபின், நாள்தோறும் யாமே தரையில் அமர்ந்து, மை தோய்ந்த விரலால் கோணலாக ஏதேனும் வரைந்து வருகின்றோம். மகவு இன்னும் தூணருகிலேயே நிற்கின்றது. ஆயினும் நேற்று, எம் யானைக்கு வால் இல்லை என்று சொல்லிற்று.

அன்பர்களே, நும் இல்லத்தில் மை சிந்துமாயின், உரு இன்னதென்று தோன்றுமளவும் பொறுத்திருமின்.