கண்ணைக் கட்டுவதற்கு முன்

கேள்வி: அக்கா, தெரணியகலைப் பக்கம் றப்பர் தோட்டமொன்றில் இளைஞர் கழகம் நடத்துகிறேன். பிள்ளைகள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறார்கள். கண்ணைக் கட்டி, முகரவும் தொடவும் விட்டுச் செய்யும் புலனரங்கப் பட்டறை தம்மைத் தாமே அறிய உதவுமாம். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அது சரிவருமா?

பதில்: சரிவரும் தங்கச்சி. ஆனால் கண்கட்டில் தொடங்காதீர்கள்.

ஒரே வேலையைச் செய்துசெய்து உடம்பு அந்த வேலைக்கேற்பவே இறுகிவிடுகிறது, தொட்டும் உணராமல் போகிறது என்றார் பிரேசில் நாடகர் அகஸ்தோ போவால். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் புலன் விளையாட்டுகளை வகுத்தார். விடியமுன் பால் வெட்டப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பொருந்தும் பாருங்கள்! பிள்ளைகளை அம்மாவின் வெட்டை வெறுங்கையால், மிக மெதுவாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பட்டையைச் சரிவாக இழுக்கும் மணிக்கட்டு, குனிந்த கழுத்து. பிறகு ஒட்டுப்பாலை முகரக் கொடுங்கள். "என்ன உணர்ந்தாய்?" என்று கேட்டால் கூசும் பிள்ளை வாயடைத்துப் போகும். "எங்கே இறுகுது?" என்று கேளுங்கள், தோளைத் தொட்டுக் காட்டும். அதுவே நல்ல பதில்.

நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தையும் விட்டுவிடாதீர்கள். மாசியில் தப்பு அதிர்ந்தால், வகுப்பில் பேசாத பையனும் மன்மதனாய் நின்று ஆடுவான். ரதியையும் ஆண்களே ஆடிவந்த வழக்கம் நமது. உங்கள் பட்டறையில் பெண்பிள்ளைகளும் அந்தத் தாளத்துக்குக் கால் வைக்கட்டும். தப்படிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தாலே போதும்.

கண்கட்டை நான் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது உங்கள் மாவட்டத்தில்தான். ஈரமண் வாசமும் இருட்டும் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு எது திரும்பி வரும் என்று நமக்குத் தெரியாது. குடித்துவிட்டு அடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, எதிர்பாராமல் படும் கையே பயம். ஆகவே விரும்பியவர் மட்டும், தாமே கண்ணை மூடட்டும், நினைத்தபோது திறக்கட்டும். சொல்லாமல் தொடக் கூடாது. ஒதுங்கி உட்கார்ந்து பார்ப்பதும் பங்கேற்புத்தான். யாரையும் கதை சொல்ல வற்புறுத்தாதீர்கள். யாராவது உடைந்து அழுதால் விளையாட்டை நிறுத்திப் பக்கத்தில் இருங்கள். அழுகை நாள்கணக்கில் நீடித்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம். பட்டறை வைத்தியமாகாது.

முதல் நாளுக்கு ஒரு மணி நேரமே போதும். அம்மாவின் வெட்டு, ஒட்டுப்பால், தப்பு. அடுத்த கிழமை எதைச் செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.